ரோம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோமுக்கு விமானச் சீட்டு எடுத்த கையோடு எல்லோரும் ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். கொலோசியம், வத்திக்கான், டிரெவி நீரூற்று என்று அது வளர்ந்துகொண்டே போகும். கூடவே எங்கே வரிசை, எதற்கு முன்பதிவு, எங்கே ஏமாற்றுவார்கள் என்ற கவலையும் வளரும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை சொல்வது ஒன்றைத்தான்: மூன்று இடங்களுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் வாங்குங்கள், மீதி ரோமை நடந்து பாருங்கள். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

மூன்று முழு நாள் இருந்தால் நிம்மதி. ஒரு நாள் கொலோசியத்துக்கும் அதை ஒட்டிய பழைய ரோமுக்கும், ஒரு நாள் வத்திக்கானுக்கு, ஒரு நாள் போர்கேசே காட்சிக்கூடத்துக்கும் தெருக்களுக்கும். நான்காவது நாள் கிடைத்தால் ஊருக்கு வெளியே போகலாம். கொலோசியமும் வத்திக்கான் அருங்காட்சியகமும் ஒரே நாளில் என்று திட்டம் போடாதீர்கள். மாலைக்குள் கால் ஓய்ந்துவிடும். சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பு இருக்காது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்?

அருங்காட்சியகம் எதற்குள்ளும் போகாதீர்கள். காலையில் கொலோசியத்தை வெளியிலிருந்து ஒரு சுற்று, அங்கிருந்து கேப்பிட்டோலின் குன்று, பான்தியன், நவோனா சதுக்கம், அப்புறம் திபர் ஆற்றைத் தாண்டி புனித பேதுரு பேராலயம். எல்லாம் நடக்கிற தூரம்தான். பேராலயத்தை மாலைக்கு வைத்துக்கொண்டால் வரிசையும் குறைந்திருக்கும்.

எதற்கெல்லாம் கட்டாயம் முன்பதிவு வேண்டும்?

கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம், போர்கேசே காட்சிக்கூடம்.

கொலோசியம் டிக்கெட் நேரம் குறிப்பிட்டுத் தரப்படும். அதிலுள்ள பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமாக 30 நாட்களுக்கு முன் விற்பனை திறக்கும். கீழ்த்தளச் சுரங்கப் பகுதிக்கான டிக்கெட் தனி, அது திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். போர்கேசேயில் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு மணி நேரம்தான். நேரம் முடிந்ததும் மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. இந்த மூன்றில் எதையாவது விட வேண்டிய நிலை வந்தால் பலரும் போர்கேசேயைத்தான் விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிற்பி பெர்னினி இருபதுகளின் வயதில் செதுக்கிய அப்போலோவும் டாஃப்னேயும் அங்கேதான் இருக்கிறார்கள். ஓடுகிற பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாக மாறும் அந்தக் கணத்தைச் சலவைக்கல்லில் பார்ப்பதற்காகவே இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம்.

அதிகாரபூர்வத் தளத்தில் டிக்கெட் தீர்ந்துபோனால் இடைத்தரகர்கள் இரண்டு, மூன்று மடங்கு விலையில் 'வழிகாட்டியுடன்' என்று விற்பார்கள். வேறு வழியில்லை என்றால் வாங்கலாம். முதல் வழியாக அதைத் தேடாதீர்கள்.

கொலோசியத்துக்கு உள்ளே போக வேண்டுமா, வெளியிலிருந்து பார்த்தால் போதாதா?

உள்ளே போகலாம். ஆனால் வெளிப்புறத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

நீரோ மன்னன் தன் தங்க மாளிகைக்காக ஊர் நடுவே ஒரு செயற்கை ஏரி வெட்டி வைத்திருந்தான். அவன் போன பிறகு ஆட்சிக்கு வந்த வெஸ்பாசியன் அந்த ஏரியை வற்றடித்து, அதே இடத்தில் மக்களுக்கான விளையாட்டரங்கு கட்டத் தொடங்கினான். அவன் மகன் டைட்டஸ் காலத்தில், கி.பி. 80இல், அது திறக்கப்பட்டது. முன்னவன் பறித்துக்கொண்ட நிலத்தை நான் உங்களுக்கே திருப்பித் தருகிறேன் என்று கல்லில் அடித்த அரசியல் விளம்பரம் அது.

வட பக்க வளைவுகளின் மேல் உற்றுப் பார்த்தால் ரோமன் எண்கள் தெரியும். கீழ்த்தளத்தில் மொத்தம் 80 வளைவுகள். இன்று எண்ணோடு எஞ்சியிருப்பவை 23 முதல் 54 வரை. பார்வையாளர்கள் தங்கள் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அந்த வாசல் வழியே நுழைவார்கள். சுமார் 50,000 பேர் இப்படித்தான் முட்டி மோதாமல் போய்வந்தார்கள். சுவரெங்கும் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும் குழிகள் போர்க் காயங்கள் அல்ல. கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் பெயர்த்து எடுத்துப் போன தடயங்கள் அவை. தென்பகுதி 1349இல் நிலநடுக்கத்தில் சரிந்தது. சரிந்த கல் ஊரெல்லாம் அரண்மனையாகவும் தேவாலயமாகவும் மாறிவிட்டது.

பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரம் வெறும் உடைந்த கற்களாக இருக்கிறதே, அதில் என்ன பார்ப்பது?

நியாயமான கேள்வி. கொலோசியம் டிக்கெட்டிலேயே ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம் என்பதால் எல்லோரும் உள்ளே போகிறார்கள். அரை மணி நேரத்தில் வெயில் தாங்காமல் வெளியே வருகிறவர்களும் நிறைய. முழுவதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். நான்கு இடங்களைத் தேடிப் பிடியுங்கள், போதும்.

முதலாவது, அன்டோனினஸ் - ஃபாஸ்டினா கோயில். பெரிய தூண்களுக்குப் பின்னால் பிற்காலத்தில் கட்டிய தேவாலயம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வாசற்கதவு படிக்கட்டுக்கு எட்டாத உயரத்தில், அந்தரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கதவு வைத்த காலத்தில் தரை அவ்வளவு உயரத்தில் இருந்தது! ரோமப் பேரரசு விழுந்த பின் வண்டலும் இடிபாடும் நிரம்பி ஃபோரம் புதைந்து, மாடு மேய்க்கிற வெளியாகிவிட்டிருந்தது. இன்று நாம் நடக்கும் தரை பின்னால் தோண்டி எடுத்தது.

இரண்டாவது, ஜூலியஸ் சீசரை எரித்த இடம். சின்னத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மண்மேடு, அவ்வளவுதான். யாராவது பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் செத்தவனுக்கு இன்னும் பூ வருகிறது. மூன்றாவது, டைட்டஸ் வளைவு. கி.பி. 70இல் ஜெருசலேம் கோயிலை அழித்துவிட்டு அங்கிருந்த ஏழு கிளை விளக்கைத் தூக்கிவரும் படைவீரர்களின் புடைப்புச் சிற்பம் அதன் உட்பக்கம் இருக்கிறது.

நான்காவது நமக்கு நெருக்கமானது. மக்ஸென்டியஸ் மன்னனின் மாபெரும் மண்டபத்துக்கு அடியில், அவனுக்கு முந்தைய டொமிஷியன் மன்னன் காலத்து மிளகுக் கிடங்கின் மிச்சம் இருக்கிறது. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக நம் பழம்பாடல்கள் சொல்லும் யவனக் கலங்களின் சரக்கு கடைசியில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று. மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகளை எல்லோரும் அண்ணாந்து படம் எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் கீழேயும் பாருங்கள்.

டிக்கெட் இல்லாமல் ஃபோரத்தைப் பார்க்க வேண்டுமா? கேப்பிட்டோலின் குன்றின் மேல் நகர மாளிகைக்கு இரு பக்கமும் பின்னால் போகும் பாதைகளிலிருந்து முழுக் காட்சியும் இலவசம். இருட்டிய பிறகு விளக்கொளியில் இன்னும் நன்றாக இருக்கும்.

ரோமில் தவறவிடக்கூடாத, ஆனால் பலரும் தவறவிடும் இடம் எது?

சான் கிளமென்ட்டே தேவாலயம். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடை. தெரு மட்டத்தில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதன் பொன்னிற மொசைக் சித்திரமே அழகு. பக்கத்து அறையில் டிக்கெட் வாங்கிப் படியில் இறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று அப்படியே கீழே இருக்கிறது. இன்னும் இறங்கினால் கி.பி. முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும், மித்ரா என்ற கடவுளுக்கான இருண்ட வழிபாட்டுக் கூடமும். அங்கே சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். 1857இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கும் வரை கீழே இவ்வளவு இருப்பது மேலே தொழுதவர்களுக்குத் தெரியாது.

ஃபோரத்தின் அந்தரக் கதவு சொல்கிற அதே விஷயத்தை இங்கே காலால் இறங்கித் தெரிந்துகொள்ளலாம். ரோமில் பழையதை இடித்துவிட்டுக் கட்டுவதைவிட, மண் நிரப்பி அதன் மேலேயே கட்டுவது வழக்கமாக இருந்தது.

பான்தியனுக்கு இப்போது கட்டணமா?

ஆமாம், 2023 ஜூலை முதல் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு, தொடக்கத்தில் அது 5 யூரோ. கொடுக்கலாம். ஹேட்ரியன் மன்னன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த இந்த ரோமானியக் கோயில் இன்றும் கூரையோடு, கதவோடு நிற்பது அபூர்வம். 609இல் தேவாலயமாக மாற்றப்பட்டதுதான் அதைக் காப்பாற்றியது. குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சி வரை உள்ள உயரமும் ஏறக்குறைய ஒன்றே: சுமார் 43 மீட்டர். இரும்புக் கம்பி போடாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் உலகிலேயே பெரியது இதுதான். மேலே போகப் போகக் கனமில்லாத எரிமலைக் கல்லைக் கலந்து, சுவரையும் மெல்லியதாக்கியதால் நிற்கிறது.

உச்சியிலுள்ள வட்டத் துளைக்குக் கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் உள்ளே பெய்யும். தரை லேசான சரிவில் இருப்பதால் தண்ணீர் துளைகள் வழியே வடிந்துவிடும். மழை நாளில் எல்லோரும் ஒதுங்க இடம் தேடும்போது நீங்கள் இங்கே போங்கள். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் உள்ளேதான்.

வத்திக்கான் தனி நாடாமே, தனி விசா வேண்டுமா?

வேண்டாம். 1929 ஒப்பந்தப்படி அது தனி நாடுதான், பரப்பு 44 ஹெக்டேர். ஆனால் பேராலயச் சதுக்கத்துக்குள் நடந்து போவதற்கு எல்லைச் சோதனை எதுவும் இல்லை. பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு. இத்தாலிக்குள் வர ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவர்களுக்கு அதுவே போதும்.

அருங்காட்சியகமும் பேராலயமும் ஒன்றா?

இல்லை, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். வாசல் வேறு, வரிசை வேறு. ஒன்றின் வாசலிலிருந்து மற்றதன் வாசலுக்கு மதிலை ஒட்டிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்கு உண்டு, சிஸ்டைன் சிற்றாலயம் அதன் கடைசியில் வருகிறது.

அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் அரை நாள் இலவசமாகத் திறப்பார்கள். அன்றைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. சிஸ்டைனில் படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. காவலர்கள் 'சைலன்ஸ்' என்று ஒலிபெருக்கியில் அதட்டுவதுதான் அங்கே கேட்கும் பெரிய சத்தம். மைக்கலாஞ்சலோ கூரையை 1508 முதல் 1512 வரையிலும், பீடத்துக்குப் பின்னால் உள்ள இறுதித் தீர்ப்பை இருபதாண்டுக்கு மேல் கழித்தும் வரைந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இடையில் அந்த மனிதர் எவ்வளவு இருண்டு போயிருக்கிறார் என்று தெரியும்.

பேராலயத்தில் நுழைந்ததும் வலப்புறம் 'பியெத்தா'. இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் சிலை. 1972இல் ஒருவன் சுத்தியலால் தாக்கியதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. குவிமாடம் ஏற 551 படி. பாதி வரை லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சம் இருக்கும். கடைசிப் பகுதியில் சுவர் சாய்ந்து வரும், நாமும் சாய்ந்துதான் ஏற வேண்டும். மூடிய இடம் என்றால் பயப்படுகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். புதன் காலைகளில் போப்பாண்டவர் பொதுமக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி சதுக்கத்தில் நடந்தால் பேராலயம் தாமதமாகத்தான் திறக்கும்.

உடைக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். வேட்டி, சேலை, சல்வார் எதுவானாலும் சிக்கல் இல்லை. கோடையில் கையில்லாத சட்டை போடுகிறவர்கள் பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்காமல் பெரிய கலைஞர்களின் படைப்புகளைப் பார்க்க முடியுமா?

ரோமின் பெரிய சலுகையே இதுதான். வேறு ஊர்களில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டிய படங்கள் இங்கே எந்தச் சுவருக்காக வரையப்பட்டனவோ அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. பெரும்பாலான தேவாலயங்களுக்குள் போகக் கட்டணம் கிடையாது.

நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லுயிஜி தேய் ஃப்ரான்செசி. அதில் இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று படங்கள். வரி வசூலிக்கும் மேசையைச் சுற்றி ஆட்கள் காசு எண்ணிக்கொண்டிருக்க, வலப்பக்கத்திலிருந்து ஒளியோடு இயேசுவின் கை நீள்கிறது. அந்தச் சிற்றாலயத்தின் சன்னலும் கிட்டத்தட்ட அதே பக்கம் பார்த்து இருப்பது போல ஓவியர் ஒளியை அமைத்திருக்கிறார். நேரில் நின்றால்தான் இது பிடிபடும். விளக்கு எரிய நாணயம் போட வேண்டும், சில்லறை வைத்திருங்கள். நாணயம் போடுபவர் யாராவது வரட்டும் என்று இருட்டில் காத்து நிற்கிற ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும்.

அங்கிருந்து சில அடி தூரத்தில் சான்ட் அகோஸ்தினோ. அங்கே கரவாஜ்ஜோவின் மாதாவுக்கு முன்னால் அழுக்குப் பாதத்தோடு மண்டியிட்ட இரண்டு ஏழைகள். பான்தியனுக்குப் பின்னால் சான்ட்டா மரியா சோப்ரா மினர்வா. வெளியே சின்ன யானை சிலையின் முதுகில் எகிப்தியத் தூண், உள்ளே மைக்கலாஞ்சலோவின் கிறிஸ்து. அப்புறம் சான்ட் இக்னாசியோ. அங்கே குவிமாடம் கட்டாமல் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் பொட்சோ என்ற துறவி-ஓவியர் தட்டையான பரப்பில் குவிமாடத்தை வரைந்துவைத்தார். தரையில் குறியிட்ட இடத்தில் நின்றால் நிஜமென்றே தோன்றும், நாலடி நகர்ந்தால் குட்டு வெளிப்படும். இந்த நான்கும் ஒரே நடையில் அடங்கும்.

கொலோசியம் பக்கம் இருப்பவர்கள் சான் பியெத்ரோ இன் வின்கோலிக்குப் போய் மைக்கலாஞ்சலோவின் மோசேயைப் பாருங்கள். ஒரு போப்பின் பிரம்மாண்டக் கல்லறைக்காக நாற்பது சிலைகள் என்று தொடங்கிய வேலை, சுருங்கிச் சுருங்கி இதில் வந்து முடிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை: பல தேவாலயங்கள் மதியம் 12.30 வாக்கில் மூடி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வழிபாடு நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது.

டிரெவி நீரூற்றுக்கும் ஸ்பானியப் படிகளுக்கும் எப்போது போவது?

விடியற்காலையில். பகலில் தலைகள்தான் தெரியும். டிரெவி 1762இல் முடிந்த வேலை. ஆனால் அதற்குத் தண்ணீர் தரும் கால்வாய் கி.மு. 19இல் அக்ரிப்பா வெட்டியது. பான்தியன் முகப்பில் பெயர் பொறித்திருக்கும் அதே ஆள். தொட்டியில் விழும் நாணயங்களை அள்ளித் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். ஸ்பானியப் படிகளில் 2019 முதல் உட்காரக் கூடாது, அபராதம் உண்டு.

வத்திக்கான் தவிர வேறு அருங்காட்சியகம் பார்க்க வேண்டுமா?

ஒன்று மட்டும் என்றால் கேப்பிட்டோலின். 1471இல் ஒரு போப் ரோம் மக்களுக்குக் கொடுத்த வெண்கலச் சிலைகளில் தொடங்கியது. குதிரை மேல் அமர்ந்த மார்க்கஸ் அவுரேலியஸ் மன்னனின் அசல் சிலை உள்ளே. சதுக்கத்தில் நிற்பது நகல். கிறிஸ்தவனான கான்ஸ்டன்டைன் மன்னன் என்று தவறாக நினைத்ததால்தான் இடைக்காலத்தில் அதை உருக்காமல் விட்டார்கள். ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் புகழ்பெற்ற ஓநாயும் இங்கேதான். அந்தக் குழந்தைகள் 15ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. ஓநாயே இடைக்காலத்தில் வார்த்ததாக இருக்கலாம் என்று அண்மைக் கால ஆய்வுகள் சொல்கின்றன.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு சென்த்ராலே மொந்தெமார்த்தினி. பழைய மின் நிலையத்துக்குள், கறுத்த எஞ்சின்களுக்கு நடுவே வெள்ளைப் பளிங்குச் சிலைகள். கூட்டத்தில் நசுங்கிவிட்டு இங்கே வந்தால் மூச்சு விடலாம்.

ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போனால்?

ஒஸ்தியா ஆன்டிகா. ரோமின் பழைய துறைமுக நகரம். ரோமிலேயே உள்ள செஸ்டியஸ் பிரமிடு அருகே இருக்கும் நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரம், நகரப் பேருந்து டிக்கெட்டே செல்லும். அடுக்குமாடி வீடுகள், உணவுக் கடையின் கல் மேடை, வரிசையாக உட்காரும் பொதுக் கழிப்பிடம் என்று சாதாரண ஆட்கள் வாழ்ந்த ரோம் இங்கேதான் தெரியும். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெயி நகரத்துக்குப் போக நேரமில்லாதவர்கள் இதைப் பாருங்கள். அப்பியா சாலையும் நல்லது: கி.மு. 312இல் போடத் தொடங்கியது, 2024இல் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஞாயிறு காலை வாடகை சைக்கிளில் போகலாம், ஆனால் அந்தக் கல் பாவிய சாலையில் முதுகெலும்பு குலுங்கும்.

முதல் ஞாயிறு இலவசம் என்கிறார்களே?

மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் உள்ளிட்ட அரசு நினைவிடங்களுக்குக் கட்டணம் இல்லை. மிச்சமாகும் காசை வரிசையில் நின்று கழிக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு கொலோசியத்தை விட்டு ஒஸ்தியாவுக்குப் போனால் இலவசமும் கிடைக்கும், இடமும் கிடைக்கும்.

பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் திட்டத்தைப் பாதியாக வெட்டுங்கள். தெருக்கள் எல்லாம் சதுரக் கருங்கல் பாவியவை. மெல்லிய செருப்பு உதவாது. கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. ஃபோரம் மேடுபள்ளம், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்து பார்த்தால் போதும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அழைத்துப் போக வேண்டாம். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது. தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தால் போதும், தெருவுக்குத் தெரு இருக்கும் இரும்புக் குழாய்களில் இரவும் பகலும் நல்ல தண்ணீர் ஓடுகிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியே பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். எடைக்கு வெட்டித் தரும் பீட்சா எங்கும் உண்டு. தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பாதுகாப்பானது. மிளகும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த காச்சோ எ பெப்பே பாஸ்தா ரோமுக்கே உரியது, மிளகு காரம் நம் நாக்குக்குப் பிடிக்கும். ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ ரொமானோவை ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

பிக்பாக்கெட் பயம் உண்மையா?

உண்மை. தெர்மினி ரயில் நிலையம், மெட்ரோ ஏ தடம், வத்திக்கான் போகும் 64ஆம் எண் பேருந்து மூன்றும் பேர் பெற்றவை. பர்ஸை முன்பையில் வையுங்கள். கையில் கயிறு கட்ட வருகிறவர், ரோஜாப்பூ 'சும்மா' கொடுக்கிறவர், ரோமன் வீரன் வேடத்தில் படம் எடுக்கக் கூப்பிடுகிறவர் யாரும் காசு கேட்காமல் விட மாட்டார்கள்.

எதைத் தயங்காமல் விட்டுவிடலாம்?

பொய் சொன்னால் கையைக் கடிக்கும் என்று கதை கட்டிய 'உண்மையின் வாய்'. பழைய வடிகால் மூடியாக இருந்திருக்கலாம் என்று கருதப்படும் கல் முகம் அது. அதில் கை விட்டுப் படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். அதை வைத்திருக்கும் சான்ட்டா மரியா இன் கோஸ்மெதின் தேவாலயத்துக்குள் போனால் ஆளே இருக்காது, அது பார்க்க வேண்டியது. மேற்கூரையில்லாத சுற்றுலாப் பேருந்தையும் விடலாம். பழைய ஊரின் சந்துகளுக்குள் அது நுழையாது.